மாத்து ஆள் அனுப்பிய கோமதி மேடம்

செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் எண்ணெய். குற்றாலம் மெயினருவிப் பக்கம், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதரின் முதுகில் வேலையாக இருந்தேன். பெரிய மனிதர் என்றால் பதவியில் அல்ல, பரப்பில். அந்த முதுகைத் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு வயலை உழுதுவிடலாம். அப்போது போன் அடித்தது. எண்ணெய்க் கையால் எடுத்தால் போன் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அந்த மனிதரே எடுத்து, படுத்தவாக்கிலேயே என் காதில் வைத்துப் பிடித்தார்.

பேசியது இலஞ்சி கணேசன். படுக்கையில் இருந்துகொண்டே எங்கள் எல்லாரையும் வேலை வாங்குகிறவன்.

“அண்ணாச்சி, இந்த ஞாயித்துக்கிழமை நீங்க மேடம் வீட்டுக்குப் போவாண்டாம்.”

“ஏம்லே, எனக்குப் பதிலா வேற எவனையும் போட்டுட்டியா?”

“இல்ல அண்ணாச்சி. இனிமே அங்கன மாத்து ஆள் வேண்டாமாம். மேடத்துத் தங்கச்சி மீனாட்சியக்கா சொல்லச் சொன்னாவ.”

கோமதி மேடம் காலமாகிவிட்டார் என்பதை அவன் அப்படித்தான் சொன்னான். வேறு மாதிரி சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் தலையைத் திருப்பி, “மாத்து!” என்று மட்டும் சத்தம் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பரமசிவன் எழுந்து வந்து நான் விட்ட இடத்தில் கை வைத்தான். நான் வேட்டியை மாற்றிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினேன்.

இந்த ‘மாத்து’ என்பது என்ன என்று மேடத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணெய் தேய்க்கிற எங்களுக்குள் இது ஒரு வழக்கம். தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை சுளுக்கிக்கொள்ளலாம், வீட்டிலிருந்து ஆள் தேடி வரலாம், ஒரு டீ குடிக்கலாம் போல இருக்கலாம். “மாத்து” என்று சத்தம் கொடுத்தால், பக்கத்தில் சும்மா இருக்கிறவன் எழுந்து வந்து அந்த முதுகை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம். இந்தச் சட்டத்தை அருவிக்கரையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அரசாங்கத்தையே ஒப்புக்கொள்ள வைத்தவர் கோமதி மேடம்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மேடத்தைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவரை அதிகமாகக் கேலி செய்தவன் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். தென்காசியில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை கொடுக்கிற அலுவலகத்தில் வேலை. அவருடைய வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சீசன் நாட்களில் சனிக்கிழமை தோறும் ஆட்டோவில் மேடம் அவரைக் கூட்டிக்கொண்டு வருவார். சாரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இருக்கும் கைப்பிடிச் சுவரில் போய் உட்காருவார். குளிக்க மாட்டார், கடைகளைச் சுற்ற மாட்டார், போனைக்கூடப் பார்க்க மாட்டார். அருவியைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சிப்ஸாகத் தின்பார். சாரல் அடித்தால் பெரிய கறுப்புக் குடையை விரிப்பார். அந்தக் குடைக்குள் நாலு பேர் குடித்தனம் நடத்தலாம்.

ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “மேடம், சாருக்கு எண்ணெய், ஒங்களுக்குச் சிப்ஸ். அதுவும் எண்ணெய்தான், உள்ள போவுது. எங்கிட்ட விட்டுட்டு ஐந்தருவிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்லா?”

“சுத்துனா காலு வலிக்கும். நான் சும்மா இருக்க வந்திருக்கேன்.”

“சும்மா இருக்கதுக்கு வீடு இல்லையா மேடம்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டுல எங்க சும்மா இருக்க, சுடலை? இந்த அரை மணி நேரந்தான் எனக்குக் குத்தாலம்.”

அன்றைக்கு நான் சாருக்குக் கொஞ்சம் நிதானமாகவே தேய்த்தேன். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இடது கையால், மெதுவாகச் செய் என்று எனக்குச் சைகை காட்டினார்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம் சார் போய்விட்டார். மேடமும் வருவது நின்றது. அப்புறம் அருவியே பூட்டப்பட்டது. தண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, ஆனால் ஒரு தலையும் கிடையாது. நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் மேடத்திடமிருந்து போன் வந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுகிற குரல். போனில் கொரோனா பரவாது என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அம்மாள் மாஸ்க்கைக் கழற்ற மாட்டார்.

“சுடலை, இப்ப என்ன செய்தீரு?”

“வீட்டுல வெங்காயம் உரிக்கேன் மேடம்.”

“ஒம்ம கூட்டாளிகள்ல எத்தனை பேருக்குக் கை சும்மா இருக்கு?”

“எல்லாருக்கும் சும்மாதான் இருக்கு. வாயி மட்டுந்தான் வேலை செய்யுது.”

“வாயை வீட்டுல வச்சிட்டு, கையை மட்டும் எடுத்துட்டு ஆபீசுக்கு வாரும்.”

விஷயம் இதுதான். தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள், தாய், பெண்டாட்டி, அக்காமார், ஊசி போட வரவே இல்லை. அறியாமை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மேடம் ஒவ்வொரு வீடாகப் போய் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஊசி போட்டால் ரெண்டு நாள் காய்ச்சல் வருமாமே, அந்த ரெண்டு நாளும் இவரை யார் தூக்குவா, யார் புரட்டுவா? சொந்தக்காரர்களே அடுத்த வீட்டுப் படி மிதிக்காத காலம். கேட்டதில் என்ன தப்பு?

மேடம் என்னையும் பரமசிவனையும் பெரிய அதிகாரியின் அறைக்குக் கூட்டிப் போனார். அதிகாரி நல்ல மனிதர். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இவர்கள் யார் என்று கேட்டார்.

“குத்தாலத்துல எண்ணெய் தேய்க்கவங்க சார். எந்த உடம்பையும் நோவாமப் புரட்டத் தெரியும். நம்ம நர்சம்மா மத்ததைச் சொல்லிக் குடுத்துருவாங்க. இவங்களுக்கு முதல்ல ஊசி போட்டு, அட்டை குடுத்து, கூலி குடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். வீட்டுல பாக்கவங்க ஊசி போட்டுட்டுக் காய்ச்சலாப் படுத்துக்கிடட்டும்.”

“கூலி எதுக்கும்மா? சேவையாச் செய்ய ஆள் வருவாங்களே.”

“சேவைன்னு கூப்பிட்டா வருவாங்க சார். ரெண்டாம் நாள் வர மாட்டாங்க. எனக்கு ரெண்டாம் நாளுந்தான் வேணும்.”

அதிகாரி சிரித்தார். பிறகு யோசித்தார். “சரி, எந்தக் காரணத்துக்கு ஆள் அனுப்பலாம்னு போடணுமே? ஊசின்னு மட்டும் போட்டுருவோமா?”

“காரணம் கேக்கப்படாது சார். ஊசிக்கும் ஆள் கேக்கட்டும், தூங்கவும் ஆள் கேக்கட்டும். மாத்துன்னு சொன்னா மாத்து. குத்தாலத்துல யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. கேட்டுப் பாருங்க இவங்ககிட்ட.”

அவர் எங்களைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அறைக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று மேடத்தின் உத்தரவு. அதனால் பலமாக ஆட்டினேன். அதிகாரி, “படுத்திருக்கவருக்கு நம்மகிட்ட எல்லாம் இருக்கு. பாக்கவங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யலைல்லா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊரடங்கு முடிகிற வரை என்று ஆணை போட்டார். வெளியே வந்ததும் மேடம் என்னிடம், “கழுத்து வலிக்கா?” என்று கேட்டார். நான் பார்த்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. மாஸ்க்குக்குள்தான் சிரித்தார், ஆனால் சிரித்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பக்கம் எப்போது புரட்டுவது, எந்த இடம் சிவந்தால் பயப்படுவது, எங்கே கையே வைக்கக் கூடாது என்று. பெண்கள் படுத்திருக்கும் வீடுகளுக்கு, அருவியில் பெண்கள் உடை மாற்றும் இடத்தைப் பார்த்துக்கொண்ட அக்காமாரை மேடம் சேர்த்தார். எல்லார் கழுத்திலும் அரசாங்க அட்டை தொங்கியது. முதல் நாளே இலஞ்சிக்குப் போகும் வழியில் போலீஸ்காரர் என் சைக்கிளை நிறுத்தினார். கையில் எண்ணெய் பாட்டில் வேறு.

“அருவியே பூட்டிக் கெடக்கு. எண்ணெய்யத் தூக்கிட்டு எங்கவே போறீரு?”

“கவர்ன்மெண்டு டூட்டி சார்.”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்குவே ஒம்ம டூட்டி. முடிஞ்சதும் வாரும், எனக்கும் தோள்பட்டை புடிச்சிருக்கு” என்றார்.

நான் போனது கணேசன் வீட்டுக்கு. தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிள்ளை. ஆள் நல்ல வளர்த்தி. பார்த்துக்கொள்கிற தாய் ஆவுடையம்மா என் தோளுக்குக்கூட வர மாட்டார். தலை வாராமல், ஒரு கிழிந்த துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

மேடம் எந்த வீட்டுக்குப் போனாலும் படுத்திருப்பவரை முதலில் விசாரிக்க மாட்டார். பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார். அங்கேயும் எனக்கு முன்பே வந்து குடையோடு வாசலில் நின்றிருந்தவர் அதைத்தான் கேட்டார்.

“இன்னைக்குத் தலை சீவுனீங்களா?”

“அதுக்கு எங்க மேடம் நேரம்?” என்றார் ஆவுடையம்மா. “போன தடவை இவனைச் சொந்தக்காரன் ஒருத்தன்கிட்ட ஒரு நாள் விட்டுட்டுப் போனேன். முதுகுல புண்ணு வந்து, ஆற மாசக்கணக்கா ஆச்சு. இவனை நான் யாருகிட்டயும் விட மாட்டேன். ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“ஒங்களுக்குக் கொரோனா வந்தா?”

அந்தக் கேள்வியை அந்தம்மா தினமும் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“நீங்க இங்கனயே நின்னு பாருங்க. சுடலை ஒரு தடவை புரட்டட்டும். பிடிக்கலைன்னா போயிருவோம்” என்றார் மேடம்.

நான் உள்ளே போனேன். நர்சம்மா சொன்ன மாதிரியே புரட்டினேன், துடைத்தேன், கைகளுக்கும் தோளுக்கும் மட்டும் கொஞ்சம் எண்ணெய் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் போனது. முடிந்ததும் இத்தனை வருஷத்துப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. தோளில் இரண்டு தட்டுத் தட்டி, “ம்ம், முடிஞ்சிட்டு அண்ணாச்சி. எந்திரிச்சுப் போயி அருவியில நில்லுங்க” என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் ஆவுடையம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு அந்த அரசாங்க அட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு ஓடலாம் போலிருந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

கணேசன் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் கட்டில் ஆடுகிற மாதிரி. “ஏ அண்ணாச்சி, நிக்கது இருக்கட்டும். அருவியத் தொறந்தா என்னைத் தூக்கிட்டுப் போவீயளா?”

“ஒன்னையா? ஒன்னைத் தூக்க நாலு ஆளு வேணும். நாலு ஆளையும் கூட்டிட்டு வாரேன்லே” என்றேன். பயத்தில் வாய் அதுவாகப் பேசிவிட்டது.

அவன் விழுந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லையாம். ஆவுடையம்மா கொடியில் கிடந்த சேலையை எடுத்துக்கொண்டு, “ஊசி போடுத எடம் எங்கன இருக்கு?” என்று மேடத்திடம் கேட்டார்.

காய்ச்சல் வந்தது, சொல்லி வைத்த மாதிரி. ஆவுடையம்மா அடுத்த அறையில் போர்வைக்குள் கிடந்தார். நானும் பரமசிவனும் மாறி மாறி இருந்தோம். அந்தம்மா அடிக்கடி துள்ளி எழுந்து, “புரட்டியாச்சா? எடது பக்கமா?” என்று கத்துவார். சாயங்காலம் மேடம் வந்து ஜன்னலுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“படுங்க ஆவுடையம்மா. ஒங்க மகன் எங்கயும் ஓடிர மாட்டான்.”

“ஓடுனா சொல்லிட்டு ஓடுதேன் மேடம்!” என்று கணேசன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

காய்ச்சல் விட்டதும் அந்தம்மா செய்த முதல் வேலை, மகனைத் தன் கையால் புரட்டி முதுகு முழுவதும் பார்த்தது. இடுப்பு, குதிகால், ஓர் இடம் விடவில்லை. நாங்கள் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி சுவரோரம் நின்றோம். எங்கேயும் ஒரு சிவப்பு இல்லை. அவர் எங்களைப் பாராட்டவில்லை. “அடுத்த ஊசிக்கும் நீங்கதான வருவீய?” என்று மட்டும் கேட்டார். அதை நான் போய்ச் சொன்னபோது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படியும் என்று என்னிடம் விளக்கம் வேறு சொன்னார்.

எந்த வீட்டிலாவது அவருக்கு நன்றி சொன்னால் பிடிக்காது. “நன்றி வேண்டாம். அடுத்த தடவை வெக்கப்படாமக் கூப்பிடுங்க, அது போதும்” என்பார். கூப்பிட்டார்கள். ஊசிக்காக மட்டும் அல்ல. ஒரு அம்மா, தலைக்குக் குளித்துவிட்டு முடி காயும்வரை மொட்டை மாடியில் நிற்க வேண்டும் என்று கூப்பிட்டார். நான் காரணம் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அருவி திறந்தது. நான் வாய் தவறிக் கொடுத்த வாக்கை மேடம் மறக்கவில்லை. “நாலு ஆளு எங்க?” என்று போன் செய்தார். கூட்டமில்லாத காலையில் கணேசனை நாற்காலியோடு தூக்கி, தண்ணீர் தெறிக்கிற ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். வாயை மூடத் தெரியாமல் தண்ணீர் குடித்தான். அந்தக் கைப்பிடிச் சுவரில் ஆவுடையம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைத் திணித்துவிட்டு மேடம் தள்ளி வந்து நின்றுகொண்டார். மேடத்தையும் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன். “அது அவ அரை மணி நேரம். நான் எதுக்குப் போயிப் பேச்சுக் குடுக்க?” என்றார்.

ஊரடங்கோடு அரசாங்க ஆணையும் முடிந்தது. அதை நிரந்தரமாக்க வேண்டும் என்று மேடம் ஓய்வு பெறும்வரை அலைந்தார். நடக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் அவரே என்னை விட மாட்டார். “ஆர்டருக்குத்தான் தேதி இருக்கு சுடலை, படுக்கைக்கு இல்லையே” என்று சொல்லி, சீசன் இல்லாத நாட்களில் வருவீர்களா என்று எங்களைக் கேட்டார். முடிந்தவர்கள் போகிறோம். யாருக்கு யார் என்று போனில் பிரித்துவிடும் வேலையைக் கணேசனிடம் கொடுத்தவரும் அவர்தான். நான் ஒருநாள் சலித்துக்கொண்டபோது சொன்னார்: “அரசாங்கம் ஒரு தடவை செஞ்சிட்டு. செய்ய முடியும்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு. இனி நாம விடாம ஞாபகப்படுத்தணும், அவ்வளவுதான்.”

போன வருஷம் அவரே படுக்கையில் விழுந்தார். திருவேங்கடத்திலிருந்து தங்கை மீனாட்சி வந்து பார்த்துக்கொண்டார். புரட்டுவதை அக்காமார் பார்த்தார்கள்; பக்கத்தில் இருக்க ஞாயிற்றுக்கிழமை என் முறை. வாசலில் நின்று “மாத்து!” என்று சத்தம் கொடுப்பேன். உள்ளேயிருந்து மேடம், “வந்துட்டாரு வாயாடி. மீனாட்சி, நீ போயிப் படு” என்பார். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கண்ணால் மட்டும் தங்கையை உள்ளே போகச் சொல்வார்.

செய்தி வந்த அன்றைக்கு நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். இந்த அம்மாள் கொண்டுவந்த ஏற்பாட்டால் ஒருநாளாவது தூங்கியவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மீனாட்சியக்கா எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, காபி கொடுத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தார். முடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. நான் வாசலில் நின்று வழக்கம்போல “மாத்து” என்றேன்.

“இனி எதுக்கு அண்ணாச்சி மாத்து? அக்காதான் போயிட்டாளே.”

“அக்கா போயிட்டாவ. நீங்க இருக்கீயள்லா? உள்ள போங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

மீனாட்சியக்கா காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்தேன். மீனாட்சி எங்கே என்று கேட்டவர்களிடம், வருவாவ என்று மட்டும் சொன்னேன். மேடத்தின் தலைமாட்டில் போய் நின்றேன். அவரிடம் சொல்ல ஒரு கேலியும் கிடைக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மீனாட்சியக்கா முகம் கழுவியிருந்தார். தலை சீவியிருந்தார்.

மேடம் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். எந்த வீட்டுக்குள் போனாலும் இப்போது நான் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அன்றைக்கு மட்டும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் குனிந்து மேடத்தின் காதில் சொன்னேன், “சீவியாச்சு மேடம்.”